ட்ரம்ஸ் இல்லாத ஜாஸ், சந்துவான் சந்தைப் பக்கம்

பாரிஸுக்குப் புதுசா வாற எங்கட பெடியளுக்கு நான் சொல்லுறது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைச்சா எங்கட தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பல்லயே நிண்டு தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்காம நாலாம் நம்பர் மெத்ரோவில ஏறி போர்த் து கிளின்யோங்கூர்ல இறங்கி சந்துவான் சந்தைப் பக்கம் நடவுங்கோ. பழைய கோட், பழைய கதிரை எல்லாம் விக்கிற இடம்தான், ஆனா ஜாஸ் மனூஷ், அதுதான் கரவனில திரியிற மனூஷ் எண்ட ஜிப்சி சனத்தின்ர கிட்டார் ஜாஸ், அந்தப் பக்கத்து மண்ணிலதான் ஊறிக்கிடக்கு.

நான் வந்த காலத்தில கோப்பை கழுவுற வேலை, பிரெஞ்சு வாயில வராது, குளிருக்கு ஒரு ஜக்கெற் தேடித்தான் அங்க போனனான், போன இடத்தில லா ஷோப் தே புயூஸ் எண்ட சின்னக் கடையில மோந்தீன் கார்சியாவும் மகன் நினீனும் ரெண்டு கிட்டாரோட இருந்து வாசிக்கினம். ஒரு கோப்பியை வாங்கிப்போட்டு பின்னேரம் முழுக்க இருந்தன், ஒருத்தரும் எழும்பச் சொல்லேல்லை. பாஷை தெரியாதவனுக்கு வேற என்ன வேணும்.

ட்ரம்ஸ் இல்லை இதில. ரிதம் கிட்டார்காரர்தான் ட்ரம்ஸ். 'பொம்ப்' எண்டு சொல்லுவினம், வலக்கையால போட்டு ரெண்டாவது நாலாவது அடியை நறுக்கெண்டு வெட்டோணும், பக்கத்தில சோலோக்காரர் எங்க பறந்தாலும் இவர் அசையக்கூடாது. எங்கட கச்சேரியில மிருதங்கக்காரருக்காவது ஒரு தனி ஆவர்த்தனம் குடுப்பினம், இவருக்கு அதுகும் இல்லை, பாவம். நான் பாக்கிறது எப்பவும் இவற்ற கையைத்தான்.

எல்லாத்துக்கும் மூலம் ஜாங்கோ ரைன்ஹார்ட் எண்ட மனூஷ் கிட்டார்காரர். 1928இல இதே சந்துவான் பக்கம் அவர் இருந்த கரவன், அதுதான் வண்டி வீடு, நெருப்புப் பிடிச்சு இடக்கையில ரெண்டு விரல் சரியா இயங்காமப் போச்சு, மிச்ச ரெண்டு விரலால ஓட்டம் பழகி 1934இல ஸ்தெஃபான் கிராப்பெல்லியின்ர வயலினோட ஹாட் கிளப் குழுவைத் தொடங்கினார், மூண்டு கிட்டார், ஒரு வயலின், ஒரு பேஸ், அவ்வளவுதான். மனுசன் 1953இல 43 வயசிலயே செத்துப்போட்டார். பேந்து இந்த இசையைக் காப்பாத்தினது கொன்சர்வத்துவார் எண்ட இசைப் பள்ளிக்கூடங்கள் இல்லை, தகப்பன் மகனுக்கு, மாமன் மருமோனுக்கு காதால குடுத்ததுதான். ஹொலண்டில இருக்கிற ரோசன்பேர்க் ட்ரியோவைக் கேளுங்கோ, ஸ்தோஷெலோ, நூஷே, நோனி மூண்டு பேரும் சொந்தக்காரர், 1989இல முதல் அல்பம், 1993இல கிராப்பெல்லியின்ர 85ஆவது பிறந்தநாளுக்கு நியூயோர்க் கார்னகி ஹோலில அவரோடயே வாசிச்சவை. கிராப்பெல்லி எங்கட வயலின்காரர் எல். சுப்பிரமணியத்தோடயும் ஒரு அல்பம் செய்திருக்கிறார், சுப்பிரமணியம் சின்னனில யாழ்ப்பாணத்தில வளந்தவர், 58 கலவரத்தோட குடும்பம் வெளிக்கிட்டது. இதைச் சொன்னா இங்க கன பேர் நம்பமாட்டினம்.

இன்னொண்டு. பிரான்ஸில 1912இல ஒரு சட்டம் போட்டவங்கள், கரவனில திரியிற சனம் படமும் கைரேகையும் வச்ச கார்னே எண்ட அடையாளக் கொப்பி ஒண்டைக் கொண்டு திரியோணும், ஊருக்கு ஊர் அதைக் காட்டி முத்திரை குத்தோணும். 1969இல பேரை மாத்தி கொஞ்சம் தளர்த்தினது, முழுசா எடுத்தது 2017இல. ஜாங்கோவின்ர படத்தைச் சுவரில பெரிசா ஒட்டுற நாடுதான் இது. அகதி வழக்குப் பேப்பரோட அலைஞ்சுகொண்டிருந்த நேரம் இதைக் கேள்விப்பட்டு எனக்குச் சரியான கோவம் வந்தது, ஏதோ நாங்கள் மட்டும்தான் வரிசையில நிக்கிறம் எண்டு அதுவரைக்கும் புழுங்கிக்கொண்டிருந்தனான்.

கோடையில ஜாங்கோவின்ர பேரில விழாவும் இருக்கு. 1968இல சாமுவாவில தொடங்கினது, ஜாங்கோ கடைசியா இருந்த ஊர், அவரைப் புதைச்சதும் அங்கதான், 2016இல சேன் ஆறு பெருகி வெள்ளம் வந்ததால ஃபொன்தேன்புளோவுக்கு மாத்திப்போட்டினம். கார் து லியோனில ரயில் எடுக்கலாம். ரிக்கெற்றுக்குக் காசு இல்லையெண்டாலும் போங்கோ, மேடையைவிட வெளியில புல்லில வட்டமா இருந்து பெடியள் வாசிக்கிறதுதான் எனக்குப் பிடிச்சது, அதுக்கு ஒருத்தரும் காசு கேக்கமாட்டினம்.