தகர டப்பாவில் சேர்ந்த துண்டுகள்

"இந்த மெஷினில் என்னென்ன மெட்டீரியல் ஓட்டலாம்?"

தகட்டை அழுத்தி வெட்டியும் மடித்தும் பாகங்களாக்கும் எங்கள் பிரஸ் ஷாப்புக்குள் முதல்முறை வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் கேட்கும் கேள்வி இது. விசாரணைகளுக்குப் பதில் சொல்லும் மேசைக்கு நான் மாறிய புதிதில் கேட்டலாக்கில் இருப்பதை அப்படியே ஒப்பிப்பேன். மைல்டு ஸ்டீல், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியம், செம்பு, பித்தளை. கேட்டவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவார். சில நாள் கழித்து அவருடைய தகடு வந்து இறங்கும். அப்புறம்தான் தலைவலி ஆரம்பிக்கும்.

இப்போது ஒப்பிப்பதில்லை. மேசை இழுப்பறையில் ஒரு தகர டப்பா இருக்கிறது. அதைத் திறந்து மேசைமேல் கொட்டுவேன். எல்லாம் ஸ்லக்குகள். பஞ்ச் என்னும் குத்துமுனை மேலிருந்து இறங்கித் துளை போடும்போது, தகட்டுக்கு அடியில் ஓட்டையோடு இருக்கும் டை என்னும் அச்சுக்குக் கீழே விழுமே, அந்த வட்டத் துண்டுகள். ஹெல்பராகச் சேர்ந்த காலத்திலிருந்து சேர்த்தவை. சேர்க்கச் சொன்னவர் எங்கள் மூத்த செட்டர், பிரஸ்ஸில் டையை மாட்டிச் சரிபார்த்து ஓட விடுகிறவர். நான் வெட்டின பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "பாகத்தை அப்புறம் பாரு தம்பி, கீழே விழுந்ததை முதல்ல எடு" என்றார். ஸ்கிராப் என்று கூட்டித் தள்ளுவதை எதற்கு எடுக்கச் சொல்கிறார் என்று அன்று விளங்கவில்லை.

ஒரு ஸ்லக்கின் பக்கவாட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பட்டை பளபளவென்று இருக்கும், அடுத்த பட்டை சொரசொரப்பாக இருக்கும். பஞ்ச் தகட்டை முழுக்க வெட்டுவதில்லை. முதலில் ஓரத்தைக் கொஞ்சம் அமுக்கிக் கவிழ்க்கிறது, பிறகு கொஞ்ச தூரம் வழவழப்பாக வெட்டிக்கொண்டு இறங்குகிறது, அதன்பின் மீதித் தடிமன் தானாகவே கிழிந்து விடுகிறது. பளபளப்பு வெட்டுப்பட்டது, சொரசொரப்பு கிழிந்தது. மிருதுவான மைல்டு ஸ்டீலில் தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பளபளக்கும். செம்பிலும் மிருதுவான அலுமினியத்திலும் பளபளப்பு இன்னும் அதிகம். கெட்டியான ஸ்பிரிங் ஸ்டீலில் ஒரு மெல்லிய கோடுதான், மற்றதெல்லாம் முறிவு. நடுவில் சொரசொரப்பு விட்டு இரண்டு இடத்தில் பளபளப்பு தெரிந்தால், பஞ்சுக்கும் டைக்கும் நடுவே கிளியரன்ஸ், அதாவது இடைவெளி, போதவில்லை என்று அர்த்தம்.

அந்த கிளியரன்ஸ் மெட்டீரியலுக்கு மெட்டீரியல் மாறும். தோராயக் கணக்கில் மிருதுவான அலுமினியத்துக்குத் தடிமனில் 5 சதவீதம், மைல்டு ஸ்டீலுக்கு 7, ஸ்டெயின்லெஸ்ஸுக்கு 10, எல்லாம் ஒரு பக்கத்துக்கு. 2 மி.மீ. தகட்டில் 0.1 மி.மீ.க்கும் 0.2 மி.மீ.க்கும் இடையிலான விளையாட்டு இது. வித்தியாசம் ஒரு காகிதத் தாளின் தடிமன். அதனால்தான் மெஷின் ஓட்டுமா என்ற கேள்விக்கு மெஷினை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாமல் போகிறது. 100 டன் விசையோடு அழுத்தும் பிரஸ் எதையும் வெட்டத் தயாராகத்தான் நிற்கும். உள்ளே மாட்டியிருக்கும் டை எந்தத் தகட்டுக்காகச் செய்தது என்று கேட்க வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பஞ்சை உடைத்து. டப்பாவில் அந்தப் பஞ்சின் முனையும் கிடக்கிறது.

செட்டர் வேலைக்கு உயர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. 2 மி.மீ. மைல்டு ஸ்டீலில் 4 மி.மீ. துளை போடும் டை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதே பாகம் ஸ்டெயின்லெஸ்ஸில் அவசரமாகக் கொஞ்சம் வேண்டும் என்றார்கள். மூத்த செட்டர் அன்று வரவில்லை. நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். துளையின் சுற்றளவு, பெருக்கல் தடிமன், பெருக்கல் வெட்டு வலிமை. மைல்டு ஸ்டீலுக்குச் சதுர மி.மீ.க்கு 350 நியூட்டன், ஸ்டெயின்லெஸ்ஸுக்கு 520 என்று வைத்தேன். ஒரு துளைக்கு 1 டன்னுக்குள் இருந்தது 1.3 டன்னுக்கு ஏறியது. நிற்பதோ 100 டன் பிரஸ். இதுக்கெல்லாம் யாரைக் கேட்க வேண்டும்?

முதல் சில அடிகள் நன்றாகத்தான் போயின. பிறகு ஒரு அடியில் சத்தம் மாறியது. பார்த்தால் பஞ்ச் பாதி மேலே, பாதி தகட்டுக்குள்.

மறுநாள் அண்ணன் வந்தார். "அண்ணே, டன்னேஜ் சரியாத்தானே இருந்துச்சு" என்றேன். அவர் என் நோட்டைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. "பிரஸ்ஸுக்குக் கணக்குப் போட்டே, பஞ்சுக்குப் போட்டியா?" என்றார். அதே 1.3 டன்னை 4 மி.மீ. பஞ்சின் முகப்பால் வகுத்துப் பார்த்தேன். சதுர மி.மீ.க்கு 1,000 நியூட்டனைத் தாண்டியது. மைல்டு ஸ்டீலில் அது 700. ஒல்லியான பஞ்சுக்கு அது சாதாரணச் சுமையில்லை. அதோடு முடியவில்லை. உடைந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "கீழே போகும்போது உடையலை, மேலே வரும்போது இழுத்து உடைஞ்சிருக்கு" என்றார். ஸ்டெயின்லெஸ் பஞ்சைக் கவ்விப் பிடிக்கும். பஞ்சின் உடம்பில் பொடிப்பொடியாக ஒட்டும். ஒட்ட ஒட்ட உருவுவது கடினமாகும். மைல்டு ஸ்டீலில் தடிமன் அளவுக்குத் துளை போடலாம் என்றால், ஸ்டெயின்லெஸ்ஸில் தடிமனைப் போல ஒன்றரை, இரண்டு மடங்காவது விட்டம் இருக்கட்டும் என்பது அன்று எழுதிக்கொண்டது. அதற்கான எண்ணெயும் வேறு. முந்தைய நாள் கேனில் இருந்ததையே நான் ஊற்றியிருந்தேன்.

ஸ்டெயின்லெஸ் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். 304 தரத் தகட்டில் காந்தம் ஒட்டாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆழமாக இழுத்துக் கிண்ணம் போலச் செய்தபின், அதன் வளைவுகளில் காந்தம் லேசாக ஒட்டும். இழுபடும்போது உலோகத்தின் உள்ளமைப்பே கொஞ்சம் மாறிவிடுவதுதான் காரணம். ஒரு வாடிக்கையாளர் காந்தத்தோடு வந்து நின்றார், மலிவான தகட்டைப் போட்டு ஏமாற்றிவிட்டோம் என்று. இழுக்காத அதே காயிலின் துண்டில் அவர் கையாலேயே காந்தத்தை வைக்கச் சொன்ன பிறகுதான் முகம் தளர்ந்தது. இழுக்கும்போது கெட்டிப்பட்டுக்கொண்டே போகும் குணமும் இதே மாற்றத்தோடு சேர்ந்து வருவது. இரண்டாவது இழுப்புக்கு முன் அனீல் செய்ய, அதாவது சூடாக்கி மிருதுவாக்க, வேண்டுமா என்பதை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

அலுமினியம் என்றால் சுலபம் என்று நினைப்பார்கள். மிருதுவான தகடு, மைல்டு ஸ்டீலில் ஐந்தில் ஒரு பங்கு டன்னேஜ்கூடத் தேவைப்படாது. ஆனால் எனக்கு அதிகமாகத் தொல்லை கொடுத்தது அதுதான். எடையில்லாத ஸ்லக் கீழே விழாமல் பஞ்சோடு ஒட்டி மேலே வந்துவிடும். அடுத்த அடியில் அது தகட்டின்மேல் உட்கார்ந்து, பாகம் முழுவதும் அம்மை போட்டது போலக் குழிவிழும். பஞ்சை இன்னும் கொஞ்சம் ஆழமாக இறக்குவது, முனையில் ஸ்பிரிங் வைத்த சின்ன பின் போடுவது என்று பல வைத்தியம் உண்டு. டப்பாவிலுள்ள அலுமினிய ஸ்லக்குகளில் பாதி அப்படி நசுங்கியவை.

செம்பு அடம்பிடிக்காது, வெட்டின ஓரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும் பிசிறு மட்டும் நீளமாக வரும். கந்தகம் கலந்த எண்ணெயைத் தொடவிட்டால் கறுத்துப் போகும். அவ்வளவுதான் எச்சரிக்கை.

பித்தளை எனக்குப் பிடித்த மெட்டீரியல். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த தகட்டை ஆழமாக இழுக்கும்போது அது ஒத்துழைக்கிற விதமே தனி. அதன் கோபம் பிறகு வரும். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. உறைகளை வைத்திருந்தது குதிரை லாயங்களில். குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாவும், இழுத்தபோது உலோகத்துக்குள் தங்கிப்போன இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 20-ஆம் நூற்றாண்டில்தான் தெளிவானது. இழுத்து முடித்ததும் மிதமான சூட்டில் வைத்து இறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் வெடிப்பு வராது. பிரஸ்ஸிலிருந்து நல்லபடியாக வெளியே வந்த பாகம் சில மாதம் கழித்துக் கெட்டுப்போகலாம் என்பதற்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர்களுக்கான சிலிக்கான் ஸ்டீலைத் தனியாகச் சொல்ல வேண்டும். 0.35, 0.5 மி.மீ. தகடுகள். மெல்லியதுதானே என்று தோன்றும், ஆனால் டையைத் தின்றுவிடும். அதனால் சீக்கிரம் தேயாத கார்பைடு டை போடுவார்கள். பிசிறைப் பற்றி இங்கே இருக்கும் பயம் வேறெங்கும் கிடையாது. ஒவ்வொரு தகட்டின்மேலும் மெல்லிய மின்காப்புப் பூச்சு உண்டு. பிசிறு அதைக் குத்திக்கொண்டு அடுத்த தகட்டைத் தொட்டால், தனித்தனியாக அடுக்கியதற்குப் பலனில்லை. சுழல் மின்னோட்டம் ஓடி மோட்டார் சூடாகும். எத்தனை அடிக்கு ஒருமுறை டையைச் சாணை பிடிப்பது என்பதைக் காலண்டர் வைத்து முடிவு செய்ய முடியாது. பிசிறை அளந்துதான் செய்ய வேண்டும்.

அதிக வலிமையுள்ள கார் பாடித் தகடுகள் வந்தபோது மட்டும் பிரஸ்ஸுக்காகவே பயந்தேன். வெட்டும்போது பிரஸ்ஸின் சட்டம் வில் போல இழுபட்டு நிற்கும். தகடு சட்டென்று முறிந்ததும் அந்த இழுவை ஒரே நொடியில் விடுபடும். தரை அதிரும், போல்ட்டுகள் தளரும். பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் டன்னேஜ் தள்ளுவதற்குத்தான். திருப்பி வரும் உதையை அதில் சிறு பங்குக்கு மேல் பிரஸ் தாங்காது. பஞ்சுகளை ஒரே மட்டத்தில் வைக்காமல் ஒன்றுக்கொன்று கொஞ்சம் ஏற்ற இறக்கமாக வைத்த பிறகு சத்தம் பாதியாகக் குறைந்தது.

உலோகம் இல்லாதவையும் டப்பாவில் உண்டு. பேப்பர் அடுக்கிய பேக்கலைட் தகட்டைக் கொஞ்சம் சூடாக்கிக்கொண்டு வெட்டினால் ஓரம் உதிராது. துளை மட்டும் பஞ்சைவிட ஒரு பொட்டு சிறியதாகவே நிற்கும். கண்ணாடி நார் கலந்த தகடு பஞ்சையும் அரிக்கும், கையையும் அரிக்கும். ரப்பர், தோல், ஃபெல்ட், கார்க் எல்லாம் சாதாரண பஞ்சுக்கு அசையாமல் நிற்காது, நழுவி வளைந்து கொடுக்கும். அவற்றுக்குக் கத்தி விளிம்புள்ள டை வேண்டும், கீழே நைலான் பலகை வேண்டும். ஸ்ட்ரோக்கை, அதாவது டை இறங்கும் தூரத்தை, விளிம்பு பலகையைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற மாதிரி வைக்க வேண்டும். மிருதுவானதுதானே என்று அலட்சியமாக இருந்தால் கத்தி சீக்கிரமே மழுங்கும்.

வார்ப்பிரும்பு, கெட்டிப்படுத்தி முடித்த ஸ்டீல் என்று யாராவது கேட்டால் உடனே முடியாது என்றுதான் சொல்வேன். இங்கே இரண்டாவது யோசனைக்கு இடமில்லை. துண்டு பறந்து யார் கண்ணில் போகும் என்று சொல்ல முடியாது.

போன வாரம் ஒருவர் ஒரு கட்டுத் தகடு கொண்டு வந்தார். லேபிள் இல்லை. "சாதாரண இரும்புதான் சார், ரெண்டு துளை போட்டு, கூர்மையா 90 டிகிரிக்கு மடிச்சுக் குடுத்தா போதும்" என்றார். மைக்ரோமீட்டரில் 1.6 மி.மீ. காட்டியது. ஒரு பட்டை மட்டும் வெட்டி வாங்கி, சும்மா நின்ற டையில் ஒரு அடி போடச் சொன்னேன். சத்தம் வழக்கத்தைவிடக் கூர்மையாக இருந்தது. ஸ்லக்கை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். பளபளப்பு ஒரு நூல் அளவுகூட இல்லை. குளிர் உருட்டலுக்குப் பிறகு அனீல் செய்யாமல் வந்த முழுக் கெட்டித் தகடாக இருக்க வேண்டும். துளை விழும், மடிக்கும்போது விரிசல் விடும். டப்பாவிலிருந்து ஒரு மைல்டு ஸ்டீல் ஸ்லக்கை எடுத்து இரண்டையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன். மாற்றி மாற்றிப் பார்த்தார். சந்தேகம் தீரவில்லை போலும், மீதிப் பட்டையை வைஸில் மாட்டி அவரே சுத்தியால் மடக்கிப் பார்த்தார். பாதியிலேயே கீறல் விட்டது.

கட்டைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு, அந்த ஸ்லக்கை என்னிடம் நீட்டினார். வாங்கி டப்பாவில் போட்டேன்.