ஸ்டார் கட்டாத வீடு

டிசம்பர் 3
கோட்டாறு சவேரியார் திருவிழா. உள்ளூர் விடுமுறை, பிள்ளைகள் வீட்டில். "நீங்க போய்த் தேர் பாத்துட்டு வாங்க" என்றார்கள் மாமி. சொன்ன விதத்தில் யாரும் செருப்பைத் தேடவில்லை.

டிசம்பர் 6
தெருவில் எங்கள் வீடு ஒன்றுதான் இருட்டு.

டிசம்பர் 9
பெரியவன் கேட்கிறான்: "வெளியே தானே ஸ்டார் கட்டக் கூடாது, உள்ளே கட்டினா?" துக்க வீட்டில் ஒரு வருஷம் ஸ்டார் கிடையாது, பலகாரம் சுடக் கூடாது. பைபிளில் எங்கேயும் இல்லை, ஆனாலும் அதை மாமியிடம் சொல்லும் தைரியம் எனக்கில்லை. கிறிஸ்துமஸ் குடிலைப் பற்றி இன்னும் யாரும் வாயே திறக்கவில்லை.

டிசம்பர் 12
சின்னவள் திறந்துவிட்டாள். சாப்பாட்டு நடுவில், "கேப்பை எப்போ போடணும்?" பாட்டா இருந்தால் இன்றைக்கு ட்ரேயில் மண் பரப்பி, கேப்பை தூவி, ஈரச்சாக்கு மூடியிருப்பார். அதற்கு மேல் பிந்தினால் குடிலுக்குப் புல் கிடைக்காது என்பார். மாமி எழுந்து போனார்கள். அழப் போகிறார்கள் என்று நினைத்தேன். திரும்பி வந்து ஒரு கை கேப்பையை மேசையில் வைத்துவிட்டு, மறுபடி சோற்றைப் பிசைந்தார்கள்.

டிசம்பர் 13
முளைக்கவில்லை. ஒரு நாளில் முளைக்காது என்று எத்தனை தடவை சொல்வது!

டிசம்பர் 14
திருவருகைக் காலம் மூன்றாம் ஞாயிறு. மூன்று மெழுகுவர்த்தி ஊதா, இது மட்டும் ஏன் ரோஸ் என்று சின்னவள் பூசை முழுக்க நச்சரித்தாள். மகிழ்ச்சி ஞாயிறு என்றேன். சொல்லும்போது மாமி பக்கம் திரும்பவில்லை. பிரசங்கத்தில் 1223-ல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அசிசி பிரான்சிஸ் வைத்த குடிலைப் பற்றிச் சொன்னார் சாமியார். தீவனத் தொட்டி, வைக்கோல், நிஜ மாடு, நிஜ கழுதை. பெரியவன் வழியெல்லாம் யோசனையாகவே வந்தான்.

டிசம்பர் 17
பச்சை வந்துவிட்டது, அரை விரல் உயரம். பரணிலிருந்து பெட்டியை இறக்கினோம். மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், காது உடைந்த கழுதை, எல்லாம் பழைய பேப்பரில் சுற்றி இருக்கிறது. பாலன் இயேசுவைக் காணோம். 24 ராத்திரிதான் தொட்டியில் வைக்க வேண்டும் என்று பாட்டா தனியாக எடுத்து வைப்பார். எங்கே வைப்பார் என்று ஒரு தடவையாவது கேட்டேனா? மருந்து டப்பா, தையல் மிஷின் டிராயர், அரிசிப் பானை வரைக்கும் பார்த்தாயிற்று.

டிசம்பர் 18
காணோம்.

டிசம்பர் 19
பெரியவன் பழைய காலண்டர் அட்டையை வெட்டிக் குடிலுக்குள்ளே ஒரு ஸ்டார் தொங்கவிட்டான். மாமி வெகுநேரம் பார்த்தார்கள். "கோணலா இருக்கு" என்றார்கள். அவ்வளவுதான். எனக்கு உயிர் வந்தது.

டிசம்பர் 20
கடையில் புதுப் பாலன் வாங்கலாம் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். "அது வேற பாலன்" என்கிறாள் சின்னவள். எங்கள் பாலனுக்கு இடது கைப் பெருவிரல் உடைந்து, பாட்டா எம்-சீல் வைத்து ஒட்டியது. மற்ற விரல்களைவிட இரண்டு மடங்கு தடிமன், கொஞ்சம் சாம்பல் நிறம். பெயின்ட் அடிக்கிறேன் என்று வருஷா வருஷம் சொல்வார்.

டிசம்பர் 21
அவருக்கு லீவு இல்லையாம். எதிர்பார்த்ததுதான். பாலன் எங்கே என்று அவரிடமும் கேட்டேன். வெகுநேரம் பேச்சே இல்லை, லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். "அப்பா எங்கிட்ட சொன்னதில்லையே."

டிசம்பர் 22
எதிர்வீட்டு அக்கா ஒரு தூக்குவாளி முந்திரிக்கொத்து கொண்டுவந்தார்கள். காலி வாளியைத் திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லை. பலகாரம் சுடாத வீட்டில் எதைப் போட்டுக் கொடுப்பது? கடைசியில் கொல்லை எலுமிச்சம்பழம்.

டிசம்பர் 24, இரவு 10.20
புல் லேசாகச் சாய்ந்துவிட்டது. நூல் கட்டி நிறுத்தியிருக்கிறோம். தொட்டியில் வைக்கோல் மட்டும். "கிரேச்சோல மாடு, கழுதை, வைக்கோல்னுதானே சாமியார் சொன்னாரு. காலியா இருந்தாலும் குடில்தான்" என்று பெரியவன் தங்கைக்கு விளக்கிக்கொண்டிருக்கிறான். அவள் ஒப்புக்கொள்வதாக இல்லை. பூசைக்கு 11 மணிக்குள் போனால்தான் உள்ளே இடம் கிடைக்கும்.

உள்ளறையில் இரும்புப் பெட்டியின் கொண்டி விழும் சத்தம். பாட்டாவின் வேட்டிகள் இருக்கிற பெட்டி. ஜூலைக்கு அப்புறம் யாரும் அதைத் திறக்கவில்லை. போய்ப் பார்க்கிறேன்