ஒருவருக்கு நூறு பேர்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த செர்பியாவின் கிராகுயேவாட்ஸ் நகரில் 1941 அக்டோபரில் நடந்ததைப் படித்த நாளிலிருந்து ஒரு பெருக்கல் கணக்கு என்னை விட்டு அகலவில்லை. கோர்னி மிலானோவாட்ஸ் பகுதியில் கிளர்ச்சிப் படையினரோடு நடந்த மோதலில் ஜெர்மன் வீரர்கள் 10 பேர் இறந்தனர், 26 பேர் காயமடைந்தனர். இறந்த வீரர் ஒருவருக்கு 100 பேரையும் காயமடைந்தவர் ஒருவருக்கு 50 பேரையும் கொல்ல வேண்டும் என்பது அங்கே படைகளுக்குத் தலைமை வகித்த ஜெனரல் ஃபிரான்ஸ் போமெயின் ஆணை. அதன்படி 2,300 உயிர்கள் தேவைப்பட்டன.

கிராகுயேவாட்ஸ் வட்டாரத்துக்குப் பொறுப்பாக இருந்த ஜெர்மன் அதிகாரி ஓட்டோ ஃபான் பிஷோஃப்ஹவுசன் இதை ஆட்சேபித்தார். இந்த நகருக்குள் ஜெர்மானியர் எவரும் தாக்கப்படவில்லை என்று எடுத்துச் சொன்ன அவரே, அதற்கு மாற்றாகச் சுற்றுப்புறக் கிராமங்களின் ஆண்களைப் பிடிக்கலாம் என்று யோசனையும் கூறினார். அக்டோபர் 19 அன்று அக்கிராமங்களில் நானூறுக்கும் மேற்பட்டோர் சுடப்பட்டனர். அப்படியும் நகரம் தப்பவில்லை. மறுநாள் தெருக்களிலும் வேலையிடங்களிலும் ஆண்களைப் பிடித்தார்கள். உயர்நிலைப் பள்ளி வகுப்பறைகளிலிருந்து மாணவர்களையும் ஆசிரியர்களையும் அழைத்துச் சென்றார்கள். 21 ஆம் தேதி முடிவதற்குள் கொல்லப்பட்டவர்கள், கிராமத்தாரையும் சேர்த்து, ஏறத்தாழ 2,800 பேர்.

அந்த அதிகாரியின் ஆட்சேபத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். தம் கண்முன் இருந்தவர்கள் குற்றமற்றவர்கள் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஆயினும் யாரையாவது கொன்றே தீர வேண்டும் என்ற கணக்கை அவர் கேள்வி கேட்கவில்லை, பலியாகும் ஊரை மட்டும் மாற்றப் பார்த்தார். கூட்டுத் தண்டனை என்ற ஏற்பாட்டுக்குள் நின்றுகொண்டு ஒருவர் காட்டும் இரக்கம்கூட அடுத்த ஊரின் சாவாக முடிகிறது. குற்றம் செய்தவர் யார் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

கிளர்ச்சிக்காரர்களுக்குச் சோறு போட்டவர்கள், அவர்களைக் காட்டிக்கொடுக்காதவர்கள் எப்படிக் குற்றமற்றவர்கள் ஆவார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. உதவி செய்தவர்மீது ஆதாரம் இருந்தால் அவரை விசாரிக்க வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தன் நகரத்துக்கு வெளியே யார் பதுங்கியிருக்கிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும் என்றும், தெரிந்தால் துப்பாக்கி ஏந்திய இரு தரப்புக்கும் நடுவில் நின்று சொல்லியிருக்க வேண்டும் என்றும் எதிர்பார்ப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

சட்டம் இதை முழுமையாகத் தடுக்கவில்லை என்பது எனக்கு மிகவும் வேதனை தரும் செய்தி. தனிநபர்களின் செயலுக்காக, அதற்குக் கூட்டாகப் பொறுப்பேற்க முடியாத மக்கள்மீது பொதுத் தண்டனை விதிக்கக் கூடாது என்று போர் நடத்தை பற்றிய 1907 ஆம் ஆண்டின் ஹேக் விதிகள் கூறின. யார் எப்போது கூட்டாகப் பொறுப்பாவார் என்பதை ஆக்கிரமித்தவரே தீர்மானித்துக்கொள்ள அது வழிவிட்டது. போர் முடிந்தபின் போர்க்குற்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட போமெ, விசாரணை தொடங்குமுன் 1947 இல் சிறையில் தற்கொலை செய்துகொண்டார். அதே வழக்கில் போமெயின் மேலதிகாரியாக இருந்த தளபதி வில்ஹெல்ம் லிஸ்டுக்கு ஆயுள் தண்டனை விதித்த நியூரம்பெர்க் நீதிமன்றம்கூட, கடும் நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கடைசி வழியாகப் பணயக் கைதிகளைக் கொல்வது சட்டப்படி சாத்தியமே என்று 1948 இல் கருதியது. 1949 இன் நான்காம் ஜெனீவா ஒப்பந்தம்தான், தாமே செய்யாத குற்றத்துக்காக எவரையும் தண்டிக்கக் கூடாது என்று 33 ஆம் பிரிவிலும், பணயக் கைதி பிடிப்பதே கூடாது என்று அடுத்த பிரிவிலும் விதிவிலக்கின்றி எழுதியது.

சுடப்படுவதற்கு முன் சிலர் கையில் அகப்பட்ட துண்டுத் தாள்களில் வீட்டாருக்கு எழுதிய குறிப்புகள் கிராகுயேவாட்ஸின் ஷுமாரிட்ஸே நினைவிடத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றில் ஒன்று, நாளைக்கு ரொட்டி கொண்டுவர வேண்டாம் என்று சொல்கிறது.