அடித்தூரு எங்கம்மா?

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது விவசாயம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், மன்னார்குடிப் பக்கம் பெரியப்பா நாலு மா சாகுபடி செய்கிறார் என்பதுதான். படித்தது கணினிப் பொறியியல். ட்ரோன் படங்களை வைத்து ஒரு சம்பா வயலையே வி.ஆர். (மெய்நிகர் காட்சி) ஹெட்செட்டுக்குள் கட்டி, பூச்சி தாக்குதலைக் கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுப்பது என் திட்டம்.

முதல் வருஷம் முழுக்க ட்ரோனோடு மல்லுக்கட்டினேன். படங்களை ஒட்டி முப்பரிமாணமாக்கும் மென்பொருளுக்கு அசையாத புள்ளிகள் வேண்டும். நெல்லோ ஆடிக்கொண்டே இருக்கும். இளநடவு என்றால் தண்ணீரில் வானம் வேறு பளபளக்கும். வயல் குழைந்த சோறு மாதிரி வந்தது. காற்று அடங்கிய விடிகாலையில் பறக்கவிட்டு, வரப்பில் அடையாளப் பலகைகள் வைத்து, ஒருவழியாகச் சரிக்கட்டினேன். ஆய்வுக் குழு பாராட்டியது.

அந்தப் பெருமையோடு ஊருக்குப் போய்ப் பெரியப்பாவுக்கு ஹெட்செட்டை மாட்டிவிட்டேன். ஒரு சுற்று பார்த்தார். அப்புறம் சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் காற்றில் எதையோ விலக்கினார்.

"ஏம்மா, அடித்தூரு எங்க?"

பயிரின் அடித்தண்டைக் கேட்டார். இல்லை. மேலிருந்து எடுத்த படத்தில் பயிரின் தலைதான் இருக்கும். அதற்குக் கீழே பச்சைத் துணி தொங்குவது போல வெறும் தோல்.

நெல்லின் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி இருப்பதோ அங்கேதான், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டைச் சுற்றி. ட்ரோனுக்குத் தெரிவது அது சாறு குடித்து முடித்து, பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்த பிறகு. "அப்ப பார்த்து என்ன ஆகப்போவுது?" என்றார் பெரியப்பா.

மூன்றாம் வருஷம் ஆய்வைத் திருப்பிப் போட வேண்டியதாயிற்று. வழிகாட்டி இரண்டு நாள் பேசவில்லை. கேட்ட நிதியும் கிடைக்கவில்லை. ஒற்றை வரியில் மறுத்துவிட்டார்கள். அந்தக் கதை வேண்டாம்.

வழி வயலிலேயே இருந்தது. புகையானுக்காக எட்டடிக்கு ஓர் அடி இடைவெளி விட்டு நடுவார்களே, அந்தப் பட்டம். அதற்குள் இறங்கி, குச்சியில் கட்டிய கேமராவை முழங்கால் உயரத்தில் பிடித்து, நட்ட பயிரைக் குத்துக் குத்தாகப் படமெடுத்தேன். லென்ஸில் வியர்வை சொட்டும், சேறு காலை விடாது. ஒரு பட்டம் முடிக்க ஒரு காலைப்பொழுது.

இப்போது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு குனிந்து பயிரை விலக்கினால் தண்டு தெரியும், பூச்சி தெரியும். எண்ணிப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். தூருக்கு, அதாவது ஒரு தண்டுக்கு, ஒரு புகையான் என்றாலே நடவடிக்கை. புகையானைத் தின்னும் சிலந்தி குத்துக்கு ஒன்று இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுத்துக்கொள்ளலாம். உடனே மருந்துக்குக் கை நீட்டினால் மதிப்பெண் குறையும். முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும், யூரியாவை நிறுத்த வேண்டும். என் மொத்த உழைப்பில் எனக்குப் பிடித்த பகுதி இந்த மதிப்பெண் கணக்குதான்.

வாய்மொழித் தேர்வில் கணினித் துறைப் பேராசிரியர் நின்றபடியே சுற்றிலும் பார்த்துவிட்டு, படம் நடுங்கவில்லை என்று மெச்சினார். வேளாண் பேராசிரியர் மாட்டியதுமே வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். கொஞ்ச நேரம் எண்ணினார்.

"சரி, வடிச்சுடலாம். வடிகால் வாய் எந்தப் பக்கம்?"

தென்கிழக்கு மூலையில் வைத்திருந்தேன். பெரியப்பா வயலில் அங்கேதான் இருக்கிறது.