முகம் தெரியாத படங்கள்

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஏற்காடு சாலையைக் குறுக்கே கடப்பது லேசான காரியம் அல்ல. கோடை விழா பார்க்க மலை ஏறியவர்கள் எல்லாரும் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, ஒரே நேரத்தில் சேலத்துக்குள் வந்து சேருவார்கள். கார், வேன், பஸ், நடுநடுவே பைக்குகள் என்று வரிசை அறுபடாது. இந்தப் பக்கம் நிற்பவர்கள் இரண்டு மூன்று நிமிடம் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். படம் எடுக்க எனக்கு வேண்டியதும் அந்த இரண்டு மூன்று நிமிடம்தான். ஏனென்றால், சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பது மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் வாசல் வளைவு.

ஸ்டுடியோ இப்போது இல்லை. டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கி, நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் பிறந்த இடத்தில் நுழைவாயில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’ 1938இல் இந்த நிறுவனத்திலிருந்துதான் வந்தது. கருணாநிதியும் கண்ணதாசனும் இங்கே எழுதியிருக்கிறார்கள். இவ்வளவையும் தெரிந்துகொண்டு பகலில் போய் வளைவைப் படம் எடுத்தால், ஏமாற்றமே மிஞ்சுகிறது. உச்சி வெயிலில் அது வெறும் சிமெண்டு. பின்னால் கட்டடங்கள், ஒயர்கள். நான் அப்படி எடுத்த படங்கள் நாற்பதுக்குக் குறையாது. ஒன்றைக்கூட யாரிடமும் காட்டவில்லை.

ஒரு வாசல் வாசலாகத் தெரிய, அதன் எதிரே ஆள் நிற்க வேண்டும். இது எனக்குப் புரியவே ஒரு வருடம் ஆயிற்று.

அதனால் இப்போது சாலையின் எதிர்ப்பக்கம், கடக்கக் காத்திருப்பவர்களுக்கு நாலைந்து அடி பின்னால் டிரைபாடை வைக்கிறேன். கேமராவுக்கும் வளைவுக்கும் நடுவில் முதலில் மனிதர்கள், அவர்களுக்கு அப்பால் வண்டிகள், அதற்கும் அப்பால் வளைவு. ஓடும் வண்டிகளின் விளக்கு வளைவைப் பக்கவாட்டில் வருடிக்கொண்டே போகிறது. காத்திருப்பவர்களின் முதுகில் வெளிச்சம் விழுவதில்லை. அவர்கள் மை பூசினாற்போலக் கறுத்துப் போகிறார்கள்.

சூரியன் மறைந்து இருபது நிமிடம் கழித்துத் தொடங்கினால் வானத்தில் நீலம் மிச்சம் இருக்கும். அந்த நீலம் பத்துப் பதினைந்து நிமிடம்தான் தாங்கும். முழு இருட்டானபின் எடுத்தால் தலைமுடியும் வானமும் ஒன்றாகிவிடுகின்றன, ஆள் எங்கே முடிகிறார் என்றே தெரிவதில்லை. ஐ.எஸ்.ஓ. என்கிற ஒளியுணர்திறன் 200, லென்ஸ் துளையின் அளவு எஃப் 8, ஷட்டர் திறந்திருப்பது இரண்டு நொடி. இரண்டு நொடியில் வண்டி விளக்குகள் இழையாக நீள்கின்றன. ஆள் அசையாமல் நின்றால் கூர்மையாகப் பதிகிறார். வெளிச்சத்தை எப்போதும் வளைவை வைத்தே அளக்க வேண்டும். கைப்பேசியில் எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரவுப் பயன்முறை எப்படியாவது முகத்தை வெளுக்கவைக்கப் பார்க்கும். அதை அணைத்துவிட்டு, திரையில் வளைவைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இறக்குங்கள்.

டிரைபாடை முழங்கால் உயரத்துக்கு இறக்கியதும் படம் இன்னொரு படியேறியது. விளக்கு இழைகள் இடுப்போடு நின்றுவிட்டன. தோளும் தலையும் வளைவின்மேலும் வானத்தின்மேலும் ஏறிக்கொண்டன. கை உடம்போடு ஒட்டியிருந்தால் வெறும் தூண்தான். பையைப் பிடித்த கை சற்று விலகியிருந்தால் அங்கே ஒரு மனிதர் வந்துவிடுகிறார். தலையில் கூடை வைத்த ஒரு பாட்டி, மகளைத் தோளில் தூக்கி வளைவைச் சுட்டிக்காட்டிய ஒருவர், ஒரே ஹெல்மெட்டை மாறி மாறிப் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு கல்லூரி மாணவிகள் என்று எனக்குக் கிடைத்தவர்கள் பலர். கேமராவைப் பார்த்தவர்கள் திரும்பி நின்று சிரிப்பார்கள். அந்தப் படங்களை அவர்களுக்கே அனுப்பிவிடுவேன். என்னை மறந்து வளைவைப் பார்த்தவர்களின் படங்களையே வைத்துக்கொள்கிறேன், அவர்களிடம் காட்டிக் கேட்டபிறகு.

இவற்றை அம்மாவிடம் காட்டியபோது அவள் கேட்ட முதல் கேள்வி, “முகமே தெரியவில்லையே?”

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவளுடைய அப்பா, என் தாத்தா, இந்த வளைவுக்குள் லைட்மேனாக வேலை பார்த்தவர். இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து எரியும் ஆர்க் விளக்குகளின் காலம் அது. குச்சிகள் எரிந்து தேயத் தேய, நெருக்கி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். உஸ்ஸென்ற சத்தம், முகத்தைச் சுடும் அனல், கண்ணைக் கரிக்கும் புகை. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் இங்கேதான் உருவானது. அந்நாளைய வண்ண ஃபிலிமுக்குக் கறுப்பு வெள்ளையைவிட மிக அதிக வெளிச்சம் தேவை. அந்த நாட்களில் தாத்தா வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாராம். பேசவே மாட்டாராம். அவர் பார்த்த வேலையை ஒரு வரியில் சொல்லலாம்: யாருடைய முகமும் இருட்டில் போய்விடக் கூடாது.

அவருடைய பேரன் அதே வாசலில் நின்று, வேண்டுமென்றே எல்லாருடைய முகத்தையும் இருட்டில் தள்ளிக்கொண்டிருக்கிறேன். அம்மா கேட்டபிறகுதான் இது எனக்கு உறைத்தது. அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு அம்மாவையும் அழைத்துப் போனேன். வளைவைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இரவு வேலை நாட்களில் பாட்டி இவளைக் கையில் பிடித்துக்கொண்டு தாத்தாவுக்குச் சோறு கொண்டுவருவாளாம். உள்ளே விட மாட்டார்களாம். தாத்தாதான் வெளியே வந்து வாங்கிக்கொண்டு போவாராம். “இந்த இடத்தில்தான் நிற்போம்” என்று சொல்லி, சாலை ஓரத்தில் ஓர் இடத்தில் போய் நின்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வண்டிகள் வந்துகொண்டிருந்தன. ஆறு படங்கள் எடுத்தேன். நான்கில் அசைந்துவிட்டாள், ஒன்றில் பஸ் ஒன்று வளைவை முழுதாக மறைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த ஒன்றைப் பெரிதாக்கிக் காட்டினேன். கறுப்பு உருவம், கையில் பை, எதிரே வெளிச்சத்தில் வளைவு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு திரையில் அந்த உருவத்தின் இடது தோள்மேல் விரலை வைத்தாள். வலது தோளைவிட அது ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. இத்தனை வருடம் முகத்தையே பார்த்துப் பழகிய நான் அதைக் கவனித்ததே இல்லை.

“விளக்கைத் தூக்கித் தூக்கித் தோள் அப்படி ஆகிவிட்டது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள்” என்றாள். “அப்பா இப்படித்தான் நிற்பார்.”

கையால் தன் இடது தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.