வேரோடு வர வேண்டும்

"ஆதாரம் எங்கே?"

சிங்கப்பூர் வந்து ஏழாவது மாதம். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மேலாளர் கேட்டார். சரக்கு தாமதமானது எங்களால்தான் என்று வாடிக்கையாளர் புகார் சொல்லியிருந்தார். "அதை ரெஃப்யூட் செய்துவிட்டேன்" என்று நான் மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். 'இல்லை' என்று சொல்லிவிட்டதாகத்தான் எண்ணம். ஆனால் ஆங்கிலத்தில் வெறுமனே இல்லை என்றால் அது டினை. எதிர்வாதம் வைத்தால் ரிபட். அவர் சொன்னது தவறு என்று சான்றோடு நிறுவினால்தான் ரெஃப்யூட். என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. முகம் சுட்டது.

இந்த ஊர் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். தமிழும் இங்கே ஆட்சிமொழி. தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை கிடைக்கிறது. 'கொப்பி ஓ கொசோங்' என்று தயங்காமல் கேட்கிறேன். அன்று மாலை பாலும் சீனியும் இல்லாத அந்தக் கசப்பு நாக்கில் பட்டதும் அப்பா ஆற்றித் தரும் காப்பி ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா தமிழாசிரியர். போன் போட்டேன். இங்கே ஒன்பதரை, விருதுநகரில் ஏழு மணி.

"எல்லாத்துக்கும் 'மறுத்தேன்'னு ஒரே சொல்லு வச்சிருக்கோமேப்பா, அதான் தடுமாறிட்டேன்."

"யார் சொன்னா? நன்னூல்ல ஏழு மதம், அதான் ஏழு கொள்கை, படிச்சியே தாயி, மறந்துட்டியா? ரெண்டாவது மறுத்தல். மூணாவது?"

திண்ணையில் கால் மடக்கி உட்கார்ந்து ஒப்பித்தது அப்படியே வாயில் வந்தது: "பிறர்தம் மதமேற்கொண்டு களைவே."

"அதான். அவன் சொல்றத முதல்ல ஏத்துக்கிட்டு அவனைவிட நல்லா நீ சொல்லணும். அப்புறம் களையணும். மேலால கிள்ளுனா நாளைக்கே முளைச்சிரும். வேரோட வரணும்."

நன்னூல் எழுதிய பவணந்தியார் மறுத்தலையும் களைவையும் அடுத்தடுத்து, தனித்தனியாக வைத்திருக்கிறார். ரெஃப்யூட் என்பது அந்த மூன்றாவதுதான். சிறுவயதிலேயே என் கையில் கொடுக்கப்பட்ட சொல்லை இத்தனை தூரம் வந்து, தலைகுனிந்து, வேறொரு மொழியில் கற்றிருக்கிறேன். அதுதான் இன்னும் ஆறவில்லை.

இரவே வேறு மடல் எழுதினேன். முதல் பத்தி முழுக்க வாடிக்கையாளரின் வாதம், அவரே எழுதியதுபோல. அதற்குக் கீழே கிடங்கிலிருந்து லாரி கிளம்பிய நேரம், கையெழுத்துப் போட்ட ரசீது, அவர்கள் பக்கம் இறக்க ஆளில்லாமல் வண்டி நின்ற நான்கு மணி நேரம்.

அனுப்புமுன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பின்னால் மாரியம்மன் கோயில் மைக் கேட்டது.

"பங்குனிப் பொங்கலுக்கு வர்றியா?" என்றார்.