அப்பாவுக்கு ஏன் ஸ்டென்ட் போடவில்லை

அறுவடை நேரம். படுவான்கரையில் வயல் வாடியில் நின்ற அப்பா, நெஞ்சு இறுகியதை வாய்வு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்துச் சமாளித்திருக்கிறார். அவருக்குச் சீனி வருத்தம் உண்டு. அப்படியானவர்களுக்கு மாரடைப்பின் நோவு மங்கலாகவே தெரியக்கூடும். களைப்பில் நடக்க ஏலாமல் போன பிறகுதான் வீட்டுக்குச் சொன்னார். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு வரும்போது நாட்கள் கடந்துவிட்டன. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை 12 மணித்தியாலத்துக்குள் போட வேண்டுமாம்.

பிறகு எடுத்த அஞ்சியோகிராமில் (இதயத்தின் இரத்தக் குழாய்களுக்குள் சாயம் விட்டு எடுக்கும் படம்) ஒரு குழாய் முழுதாக அடைபட்டிருந்தது. மற்றவற்றில் பெரிய குறை இல்லை. டொக்டர் அப்பாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: "ஐயா, இப்ப நெஞ்சு நோகுதா? நடந்தா நோகுதா?" இல்லை என்றதும், "அப்ப மருந்தோட விடுவம்" என்றார்.

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுவிஸிலிருந்து சித்தப்பா, "காசைப் பாக்காத, கொழும்புக்கு ஏத்து" என்று நின்றார். அடைப்பு என்றால் ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழாயை வைத்துத் திறக்கத்தானே வேண்டும்?

டொக்டர் பொறுமையாகச் சொன்னார். அந்தக் குழாய் இரத்தம் கொடுத்த தசையில் பெரும்பகுதி இறந்துவிட்டது. வாய்க்காலை இப்போது வெட்டினாலும் கருகிய பயிர் எழும்பாது. இதைச் சோதித்த பெரிய ஆய்வு 2006இல் வெளிவந்ததாம். மாரடைப்பு வந்து 3 முதல் 28 நாளான, குழாய் முழுதாக அடைபட்ட, ஆனால் நிலை சீரான 2,166 பேர். ஸ்டென்ட் போட்டவர்களுக்கு மரணமோ, மறு மாரடைப்போ, கடும் இதயச் செயலிழப்போ குறையவில்லை. 4 ஆண்டுகளில் இவற்றில் ஏதாவது ஒன்று வந்தது ஸ்டென்ட் போட்டவர்களில் 17.2 வீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 15.6 வீதம். வித்தியாசம் பெரிதில்லை, ஆனால் திறந்ததால் இலாபமும் இல்லை. நெஞ்சு நோவு தொடர்ந்தாலோ, பிரஷர் விழுந்தாலோ, மூன்று குழாயிலும் அடைப்பு இருந்தாலோ கதை வேறு என்றும் சொன்னார்.

சித்தப்பாவைச் சமாளிப்பதுதான் வைத்தியத்தை விடக் கஷ்டம்!

அஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோவஸ்டட்டின், பிசோப்ரோலோல், எனலாபிரில் என்று குளிசைப் பை பெருத்தது. எனலாபிரில் தொடங்கிய பிறகு இரவெல்லாம் வறட்டு இருமல். அப்பா தானாக நிறுத்தப் பார்த்தார். கிளினிக்கில் சொன்னதும் லோசாட்டனுக்கு மாற்றினார்கள், இருமல் போய்விட்டது. நடக்கும்போது நெஞ்சு நோவு வந்தால் ஸ்டென்ட் பற்றி மறுபடி யோசிக்கலாம் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். சும்மா இருக்கும்போதே நோவு வந்தால் உடனே 1990 இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸ். வாடிக்குப் போனாலும் போன் சார்ஜில் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம்.